மூன்றாவது கப்பில் நான் ஊற்றிய தண்ணீர்

கண்ணு தேவகி,

உன் அத்தை எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றுபோன கை, எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் வரும். நீ ஒன்றும் சொல்லமாட்டாய். வருகிற சித்திரையோடு நீ போய் ஒரு வருசம் ஆகிறது. படையல் போடுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

உன் மகள் தர்ஷினி நாலாவது முடிக்கப் போகிறாள். என் மகன் சேகர் எப்போதும்போல ஷிப்டு மாறி மாறி சிப்காட் கம்பெனிக்குப் போய் வருகிறான். நான் ஆக்கிப் போடுகிறேன், தலை பின்னி அனுப்புகிறேன். நீ செய்துவந்த ஒரு வேலைதான் எனக்குப் பிடிபடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்களே, அந்த ஆக்டிவிட்டி.

நீ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கக்கத்தில் சார்ட் பேப்பர் சுருண்டு இருக்கும். "இன்னாம்மா இது, பிள்ள படிக்குதா, கல்யாணத்துக்குத் தோரணம் கட்டுதா?"ன்னு நான் முணுமுணுப்பேன். "இதுவும் படிப்புதான் அத்த. சும்மா பேசிக்கினு இருக்காம நீங்களும் ஒரு கத்திரிக்கோல எடுங்க" என்பாய். நான் எடுத்ததே இல்லை. அன்றைக்கே எடுத்திருந்தால் கொஞ்சம் புத்தி வந்திருக்குமோ?

பள்ளிக்கூடம் திறந்ததும் குடும்பப் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் சுவரில் இருந்த உன் படத்தை இறக்கி மாலையைக் கழற்றினேன். "அது வேணாம் ஆயா. அம்மா சிரிக்கிற படம் குடு" என்றாள். போனில் இருந்ததைப் பிரிண்டு போட்டு நடுவில் ஒட்டினாள். கீழே என்ன எழுதுவாளோ என்று எட்டிப் பார்த்தேன். 'அம்மா இறந்துவிட்டார்' என்று குண்டு குண்டாக எழுதிவிட்டு மூடியைப் போட்டுப் பேனாவை வைத்தாள்.

ஆடியில் இலை இலையாகப் பறித்து நோட்டில் ஒட்டினாள். ஐப்பசி மழைக்கு மொட்டை மாடியில் அறுத்த பாட்டிலை வைத்து, தினமும் ஸ்கேலால் அளந்தாள். கம்பெனிக் கரி அடியில் படிந்திருந்தது. அதையும் எழுதினாள். பார்த்ததை எழுதுவாள், பார்க்காததை ஒரு எழுத்து எழுதமாட்டாள். அது எதனால் என்று எனக்குத் தெரியும்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அம்மா நாளைக்கு வந்துடும்டி"ன்னு தினமும் சொன்னவள் நான். டாக்டர் கைவிரித்த பிறகும் சொன்னேன். அவள் அதை நம்பித் தெருப் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் நீ வந்தாய், ஆம்புலன்ஸில். அன்றைக்குப் பிறகு நான் எது சொன்னாலும் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள்.

பொங்கல் லீவு முடிந்து வந்த ஆக்டிவிட்டியில்தான் நான் கெடுத்தேன். மூன்று பேப்பர் கப்பில் மண் போட்டுப் பச்சைப்பயறு ஊன்ற வேண்டும். ஒன்றுக்குத் தண்ணீரும் வெயிலும். ஒன்றில் தண்ணீர் தெளித்து, வெயில் படாமல் மேலே பானையைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாவது ஜன்னல் ஓரம், தண்ணீர் இல்லாமல் வெயில் மட்டும். தினமும் பார்த்து நோட்டில் படம் போட வேண்டும்.

மூன்றாவதைப் பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்தேன் தேவகி. நாற்று நட்டே பிழைத்தவள் நான், விதையைக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வராது. தாயில்லாத பிள்ளை, இவளுடையது மட்டும் முளைக்காமல் போனால் வகுப்பில் சிரிப்பார்களே என்றும் இருந்தது. அவள் பள்ளிக்குப் போனதும் சொம்பில் இருந்து ஒரு கை தெளித்துவிடுவேன். சாயங்காலத்துக்குள் மேல்மண் காய்ந்துவிடும்.

அஞ்சாம் நாள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா! தண்ணியே இல்லாம முளைச்சிக்கீது, வந்து பாரேன்!" உன் முகம் அப்படியே அவள் முகத்தில். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அழுதுகொண்டு வந்தாள். "பார்த்து எழுதணும், கதை எழுதக் கூடாது" என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். "தர்ஷினி ஊட்டுல மந்திரப் பயிறு"ன்னு பிள்ளைகள் சிரித்தார்களாம். பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "நான் பொய் சொல்லல ஆயா. நீயும்தான பாத்த, முளைச்சிதா இல்லியா?" என்றாள்.

"முளைச்சிது"ன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அதுவும் ஒரு பொய்தானே?

திரும்பச் செய்யச் சொன்னார்கள். இந்தத் தடவை நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. முளைக்கவில்லை. ஆறாம் நாள் மண்ணைக் கிளறி அந்தப் பயறை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்போ நான்தான் தப்பா பாத்துட்டேனா ஆயா? என் கண்ணு சரியில்லியா?" ரப்பரை எடுத்து முதல் பக்கத்துப் படத்தை அழிக்கப் போனாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழிக்காத. நான் தண்ணி ஊத்தினேண்டி, நீ இல்லாதப்போ."

அடிக்கக்கூட வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. ரப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா நாளைக்கு வந்துடும்னு சொன்னியே. அப்பவும் உனுக்குத் தெரிஞ்சிக்கினுதான் சொன்னியா?"

ஐம்பத்தெட்டு வயசில் ஒன்பது வயசுப் பிள்ளைக்கு முன்னால் தலை குனிந்தேன். "ஆமாம்"ன்னேன்.

"நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வா. டீச்சர்கிட்ட சொல்லு."

போனேன். அஞ்சாவதோடு வெளியே வந்தபிறகு வகுப்புக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "இவ எழுதினது உண்மைம்மா. திருட்டுத்தனமா தண்ணி ஊத்தினது நான்"ன்னு சொன்னேன். பின்னால் ஒரு வாண்டு, "ஆயா, உனுக்கு இம்போசிசன் நூறு தபா!" என்றது. கொல்லென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவளைப் பார்த்து அல்ல.

டீச்சர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, தர்ஷினி பக்கம் திரும்பினாள். "நீ பாத்தது சரிம்மா. ஏன்னு கேக்காம உன்ன சொல்லிட்டேன், அது என் தப்பு" என்றாள். அப்படிப் பிள்ளையிடம் சொல்கிற வாத்தியாரை நான் கண்டதில்லை. போன வாரம் கண்காட்சி வைத்தார்கள். அந்த நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்திருந்தாள் உன் மகள். முதல் பக்கத்து ஓரத்தில், 'என் ஆயா தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம், "இவங்கதான் அந்த ஆயா"ன்னு என்னைக் காட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இப்போது தினமும் உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறாள். எந்தப் பக்கம் ஊசி போட்டார்கள், வலித்ததா, கஞ்சி குடித்தாயா. தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாதென்று சொல்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நேற்று கேட்டாள், "அம்மா கடைசியா இன்னா கேட்டுச்சி?" அடுப்பில் வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விட்டேன்.

உனக்குத் தெரியும். "பாப்பாவக் கூட்டிக்கினு வாங்க அத்த, ஒரு தபா பாத்துட்டேன்னா போதும்"ன்னு நீ கேட்டாய். டியூபோடு உன்னைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

உன் படையலுக்கு முன்னால் அதையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன் கண்ணு. நீ அவளைத்தான் கேட்டாய், தடுத்தது நான் என்று, குறைக்காமல் கூட்டாமல் சொல்கிறேன். பிறகு அவள் என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. நீ அவளைத் தேடினாய் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு ஆயா, உனக்கு அத்தை,
கன்னியம்மாள்