சலவைத் தூசியும் என் தம்பியின் செல்களில் தெரிந்த வெளிச்சமும்

அனுப்புநர்:
சலவைக் கடை நடத்துபவர்
(நோயாளியின் அக்கா),
தலைமை மருத்துவமனையின் பின்தெரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அரிய நோய் மருந்து அனுமதிக் குழு,
தலைமை மருத்துவமனை.

பொருள்: என் தம்பிக்கு மாத்திரை மறுக்கப்பட்டது – உயிருள்ள செல்களில் செய்த இரண்டாம் சோதனையைப் பார்க்காமலேயே கோப்பு மூடப்பட்டது – மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும். ஆனாலும் இதைக் கடைசி வரை படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நானும் என் தம்பியும் சேர்ந்து சலவைக் கடை நடத்துகிறோம். துவைப்பது நான், இஸ்திரி அவன். சிறு வயதிலிருந்தே அவனுக்கு வியர்க்காது. கொதிக்கிற இஸ்திரி மேசை முன்னால் நாளெல்லாம் நின்றாலும் சட்டை நனையாது. அதனால் தெருவில் அவனுக்கு "ஏசி" என்றே பெயர். "உனக்கென்னடா, உடம்புக்குள்ளேயே ஏசி வச்சிருக்க" என்று நானும் பொறாமைப்பட்டிருக்கிறேன். கை கால் எரிகிறது என்று அவன் சொன்னபோதெல்லாம் இஸ்திரிச் சூடுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டோம். போன கோடையில் மேசையடியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் அது ஒரு நோய் என்று தெரிந்தது.

2. செல்களுக்குள் சேரும் ஒரு வகைக் கொழுப்பை வெட்டிக் கழிக்க ஒரு நொதி உண்டு என்றும், அந்த நொதி அவனுக்குப் பிறவியிலேயே சரியாக மடிவதில்லை என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். ஒழுங்காக மடிக்காத துணி அடுக்கில் நிற்காது. ஆகவே இது எனக்கு உடனே புரிந்தது. கொழுப்பு சேர்ந்து சேர்ந்து இப்போது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. அந்த நொதியைக் குலையாமல் தாங்கிப் பிடிக்க ஒரு மாத்திரை இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் கேட்காது. கேட்கும் என்று காட்டினால்தான் தங்கள் குழு அனுமதிக்கும்.

3. குழுவின் வழக்கமான சோதனையில் செல்களை உடைத்து, மருந்தோடு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறார்கள். அதில் அவனுக்குப் பூஜ்யம் வந்தது. அவனுடைய நொதி, செல்லை உடைத்த மாத்திரத்தில் குலைந்துபோகிற ரகம் என்றும், உயிரோடு இருக்கும் செல்லுக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் இதே மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்யும் அம்மா சொன்னார். அவன் கையிலிருந்து துளி தோல் எடுத்து, கிண்ணங்களில் செல்களை வளர்த்தார். மாத்திரையில் உள்ள மருந்தை அவற்றுக்கு ஊட்டினார். பிறகு ஒரு சாயம் சேர்த்தார். அந்தச் சாயம் சும்மா இருக்கும்போது ஒளிராது. நொதி அதை வெட்டினால் மட்டும் புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும். ஆக, வெளிச்சம் தெரிந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருள்.

4. உயிருள்ள செல்களில் இப்படிச் செய்த முதல் சோதனையில் எல்லாக் கிண்ணங்களும் ஒளிர்ந்தன. செல்லே இல்லாத வெறும் கிண்ணமும் ஒளிர்ந்தது. குழு உறுப்பினர் ஒருவர் அதைக் கவனித்து, சோதனை பழுது என்று எழுதினார். அவர் எழுதியது சரி. காரணம் என் தம்பி. தன் செல்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமல், ஆய்வுக்கூடத்து அங்கிகளையும் துடைக்கும் துணிகளையும் கேட்டு வாங்கிவந்தான். என்னைத் தொடவிடாமல் தானே துவைத்து, வெண்மைப் பவுடரை அள்ளி அள்ளிப் போட்டான். "பளிச்சுனு இருக்கட்டும்க்கா, அந்த அம்மா போடுற கோட்டு" என்றான். துணி பளிச்சென்று தெரிவதற்காகப் போடும் அந்தப் பவுடரும் அதே கதிரில் நீலமாகத்தான் ஒளிருமாம். துணியிலிருந்து உதிர்ந்த நூல்தூசி கிண்ணங்களில் விழுந்திருக்கிறது. விவரம் தெரிந்த அன்று அவன் சாப்பிடவில்லை. ஐயா, அவன் ஏமாற்றவில்லை; அன்பில் கொஞ்சம் அதிகமாக வெளுத்துவிட்டான், அவ்வளவுதான்.

5. அந்த அம்மா அவனைக் கோபிக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. எங்கள் துணிகளைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டு, தூசி உதிராத அங்கி அணிந்து சோதனையை முதலிலிருந்து செய்தார். இம்முறை கிண்ணத்தின் மொத்த வெளிச்சத்தை அளக்காமல், நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார். வெறும் கிண்ணம் இருட்டாக இருந்தது. மருந்து ஊட்டாத செல்களும் ஏறக்குறைய இருட்டுதான். ஊட்டிய செல்களுக்குள் மட்டும் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தன. மருந்து ஊட்டிய இன்னொரு கிண்ணத்தில், அந்த நொதியை மட்டும் தடுக்கும் பொருளை முன்கூட்டியே சேர்த்திருந்தார்; அதில் புள்ளிகள் வரவே இல்லை. நூல்தூசியாக இருந்தால் அதுவும் ஒளிர்ந்திருக்கும். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். வெகுநேரம் அவன் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, சும்மா இல்லக்கா அது. உள்ள வேலை செய்யுது" என்றான். நான் அழுதுவிட்டேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

6. இனி என் புகார். இரண்டாம் சோதனையின் முடிவைத் தங்கள் அலுவலகம் வாங்க மறுத்துவிட்டது. ஒரு முறை பழுது என்று பதிவானால் கோப்பை மூடுவதுதான் முறை என்று எழுத்தர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், உட்காரவும் சொன்னார். ஆனால் கறை போகவில்லை என்று ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால், ஏற்கெனவே துவைத்தாயிற்று என்று நாங்கள் அனுப்பிவிடுவதில்லை. கோப்பு மூடப்பட்டதால் செல்களை வைத்திருக்கும் அனுமதியும் போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவற்றை அழித்துவிடச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. மறுபடி தோல் எடுத்து வளர்ப்பதற்கு, மூடிய கோப்பில் இடமில்லையாம்.

7. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நேரில் வந்து அந்த நுண்ணோக்கியில் ஒரு முறை பார்க்க வேண்டும். தங்கள் அறையிலிருந்து இரண்டு மாடி இறங்கினால் போதும். பார்த்த பிறகும் அது வெளிச்சமில்லை என்று தோன்றினால் மாத்திரையை மறுத்துவிடுங்கள். நான் மறு மனு போட மாட்டேன். வெளிச்சம்தான் என்றால் முடிவைப் பதிவு செய்து, மாத்திரைக்கு அனுமதி தாருங்கள். எது எப்படியானாலும், துணி விஷயத்துக்காக ஆய்வுக்கூடத்து அம்மாமீது எந்தக் குறிப்பும் எழுத வேண்டாம்.

8. இந்த மனு தம்பிக்குத் தெரியாது. அவன் மாத்திரை பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். சில நாளாக வேலைக்கு நடுவே என்னைக் கூப்பிட்டு, எந்த வாடிக்கையாளருக்குக் காலர் விறைப்பாக வேண்டும், யார் கைமடிப்பில் கோடு விழுந்தால் சண்டைக்கு வருவார், இஸ்திரிப் பெட்டியின் ஒயரை எப்படிப் பிடித்தால் சூடேறும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறான். அவன் சொல்கிறபடி நானும் பெட்டியைப் பிடித்துப் பழகுகிறேன். அவன் சொல்லித் தந்து முடிப்பதற்குள் அந்தக் கோப்பைத் திறந்துவிடுங்கள், ஐயா.

இணைப்பு: இரண்டாம் சோதனையின் படங்கள்.

இடம்: சலவைக் கடை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா