மீட்டிங்கில் எழுதிய கோடு

அன்புள்ள அத்தைக்கு,

திங்கள் காலை 11.10க்கு என்னை டீம் லீடாக்கிய செய்தி வந்தது. அதை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரை சொல்லிவிட்டீர்களாமே! மூட்டுவலி கம்மியா? பெங்களூரில் நான் சௌக்கியம்.

லீடுக்கு நாளெல்லாம் மீட்டிங். நம் தென்றல் கண்மூடிய பிறகு, கம்ப்யூட்டரில் புரோகிராம் கோடு எழுதும்போதுதான் மனசு சும்மா இருக்கிறது. அதனால் மீட்டிங்கிலும் திருட்டுத்தனமாக எழுதினேன்.

"ரேவதிக்குக் கல்யாண லீவு குடுத்துடலாமா மாறன்?" என்றார் மேனேஜர் அருள்ராஜ்.

"மொதல்ல டெஸ்ட் பண்ணிடலாம் சார்" என்றேன், கோடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாப்பிள்ளையையா சார்?" என்றாள் ரேவதி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"காலைல கோடு எழுதிக்கோப்பா. மத்தியானம் எங்களப் பாரு" என்றார் அருள்ராஜ்.

சாம்பாருக்கு உப்பு எப்போது போடுவது? தென்றல்தான் போடுவாள். எழுதி அனுப்புங்கள்.

இனி காலை முழுக்க எனக்குக் கோடு நேரம். கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால் பயப்படாதீர்கள், போனை அணைத்து வைத்திருப்பேன்.

உங்கள் மாப்பிள்ளை,
மாறன்