பொழி வெட்டும்வரை

மே 29

வெயில். புழுக்கம். பழைய நோட்டு வள்ளத்தில் நனைந்து ஊதிப்போய்விட்டது. இது புதியது.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு உப்பு அளக்கும் வேலை, தினக்கூலி. கொல்லயில் ஊரிலிருந்து பாறசாலை, அங்கே பஸ் மாறிப் பூவார். பாலத்தடியில் ஸ்டெல்லா அக்காவின் வள்ளம் நிற்கும். ஆற்றில் நான்கு இடம், இடத்துக்கு இரண்டு குப்பி. மேல்தண்ணீர் ஒன்று, அடித்தண்ணீர் ஒன்று. கண்ணாடிக் குழலில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்பு எவ்வளவு என்று கோடு காட்டும். பிறகு பாலத்தூணில் நீர்மட்டம் பார்த்து அலுவலகத்து சாருக்கு வாட்ஸ்அப்.

மாசியில் கடல் மணலைத் தள்ளிப் பொழியை, ஆற்றுவாயை, அடைத்துவிட்டது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே இப்போது ஒரு மணல்மேடு. தூணிலுள்ள சிவப்புக் கோட்டை வெள்ளம் தொட்டால் வெட்ட ஆணை வரும். முன்னே வெட்டினால் உப்பு மேலே ஏறி வயல் கெடும், குடிநீர் கெடும். அதனால் என் எண்ணை வைத்துத்தான் நாள் குறிப்பார்கள்.

மணல் அடைத்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவற்றில் அவனும் ஒருவன்.

எழுதிவிட்டேன். மூன்று மாதமாக எழுதாமல் இருந்த ஒரு வரி.

மே 31

மேகம். மழை இல்லை. ஐந்தாவது குப்பி உடைந்தது. சாரிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாளை எழுதிவைக்கிறேன். மார்ச். பழைய கால்வாய் வந்து சேரும் இடத்துப் பள்ளத்தில் குப்பியை இறக்கினேன். கயிற்றை யாரோ கீழிருந்து பிடித்தார்கள். இழுத்தேன். அதுவும் இழுத்தது. பிறகு இடுப்புவரை மேலே வந்து குப்பியை என்னிடம் நீட்டியது.

தோல் நனைந்த சிலேட்டின் நிறம். கண்ணை மூடும்போது கீழ் இமை மேலே ஏறுகிறது. விரல்களுக்கு நடுவே தோல். இடுப்புக்குக் கீழே எப்போதும் தண்ணீரில். அவன் காட்டியதில்லை, நான் கேட்டதில்லை.

"எலே" என்றான்.

வள்ளங்களுக்கு அடியில் கிடந்து கேட்டுப் படித்த பேச்சு. பெண்ணை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஆனது. இப்போதும் கோபம் வந்தால் எலேதான்.

ஸ்டெல்லா அக்கா அன்றைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போதுதான் சொன்னாள், கரையில் எல்லாரும் அறிந்த விதி. அடைபட்டதைக் கண்டால் கண்டதாகக் காட்டக்கூடாது. தின்னக் கொடுக்கக்கூடாது. பேச்சுக் கொடுக்கக்கூடாது. பொழி வெட்டும்போது அதுவாகப் போய்விடும். பழக்கினால் போகாது.

"நான் ஒண்ணும் கண்டில்ல மக்களே" என்றாள். "நீயும் கண்டில்ல."

கண்டேன். பேசினேன். கொடுத்தேன். அவித்த மரச்சீனிக் கிழங்கைத் துப்பினான். உப்புமாங்காய் பிடித்தது.

ஜூன் 2

எடவப்பாதி மழை தொடங்கியது. காலை நான்கு மணியிலிருந்து ஒரே சீர். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது.

நெய்யாற்றின்கரை அலுவலகத்துக்குக் குப்பி வாங்கப் போனேன். பஸ் அமரவிளைப் பாலத்தில் மெதுவாகப் போனது. கீழே ஆறு செம்மண் நிறம். அது அவனிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

மழைத்தண்ணீர் மேலே நிற்கும். உப்புத்தண்ணீர் கனம், அடியில் படுத்துக்கொள்ளும். உடனே கலப்பதில்லை. மாசியில் ஆற்றுவாய் முழுக்க அவனுடையது. சித்திரையில் பாதி. இப்போது கால்வாய்ப் பள்ளம் மட்டும். ஒரு வீடு, ஒரு அறை, இனி ஒரு கட்டில்.

பள்ளத்தின் அடியில் உப்பு 26. கடலில் 35.

ஜூன் 4

மழை. நீர்மட்டம் சிவப்புக் கோட்டுக்கு எட்டு விரல் கீழே.

அவனுக்குத் தெரிந்த சொற்கள்: உண்டு. இல்ல. பிடி. வலி. மாதாவே. பைசா தா. அந்தோணி (யார் என்று அவனுக்கே தெரியாது, யாரோ தினமும் திட்டு வாங்கியிருக்கிறார்கள்). நான் சேர்த்தவை: குப்பி, மழை, கொல்லயில், என் பெயர்.

ஏப்ரலில் ஒரு நாள் என் மணிக்கட்டில் விரல் வைத்து வெகுநேரம் இருந்தான். "உள்ள அலை உண்டு" என்றான். அவனுடையதை நான் பார்த்தேன். என்னுடையது நான்கு அடிப்பதற்குள் அவனுடையது ஒன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அப்படி. அதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை.

அம்மா என் துப்பட்டாவை மோந்து பார்த்தாள். "என்னட்டி, கடல் மணக்குது. கடப்புறத்துப் பயலா?"

இல்லை என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அடுத்த கேள்வி என்ன சாதி என்பதாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 5

மழை. தூணில் நான்கு விரல் குறைவு. எட்டு விரல் என்று அனுப்பினேன்.

ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அதைக் குறித்துவைக்க வேண்டும்.

இன்னும் ஒரு வாரம் அவன் இருப்பான். பள்ளத்தில் உப்பு நிற்கும், அடித்தண்ணீர் அசையாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். நன்றாக இருந்தது விளக்கம். படித்தவளின் விளக்கம்.

ஜூன் 7

மழை. உண்மையில் கோட்டைத் தொட்டுவிட்டது. நான்கு விரல் குறைவு என்று அனுப்பினேன். சார் கைகூப்பும் படம் அனுப்பினார்.

பள்ளத்தில் 17.

அவன் மேலே வரத் தாமதமாகிறது. கயிற்றை மூன்று முறை ஆட்டினேன். தோளில் வெள்ளைத் திட்டு, காசு அளவில். தொட்டபோது தோல் என் விரலோடு வந்தது.

வலிக்கிறதா என்று கேட்டேன். அவனுக்கு அந்தச் சொல்லுக்கு இழு என்றுதான் அர்த்தம். வள்ளத்தைப் பிடித்து இழுத்தான். நான் நிலைதடுமாறி விழுந்தேன். சிரித்தான். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா அக்காவின் முதுகு அசையவில்லை.

ஜூன் 8

கல்லுப்பு பத்துக் கிலோ வாங்கினேன். கடைக்காரர் கேட்டார், "என்ன பிள்ளே, கருவாடு போடப் போறியா? இந்த மழையில காயாது கேட்டியா."

பள்ளத்தில் கொட்டினேன். கொட்டும்போது அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், பிரசாதம் வாங்குகிறவன் போல. ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினான்.

அடித்தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். 14. ஒரு கோடுகூட ஏறவில்லை. ஆற்றுக்குப் பத்துக் கிலோ எம்மாத்திரம்.

ஸ்டெல்லா அக்கா சாக்கை உதறி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் 9

மழை. அக்கா வரவில்லை. பாலத்தடியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் முழங்கால் வெள்ளம். உள்ளே கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல். கட்டில் மேல் அரிசி, பிள்ளைகளின் புத்தகம், தையல் இயந்திரம், மாதா படம். அடுப்புக்குள் வெள்ளம் நின்றது. ஒரு தவளை. பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த மூன்று வீடுகளும் அப்படியே.

வெள்ளம் வாசற்படியைத் தொட்டால் கோடும் தொட்டிருக்கும், எல்லா வருடமும் அப்படித்தான், இந்த வருடம் மட்டும் ஏன் ஆணை வரவில்லை என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டே பாத்திரங்களை மேலே ஏற்றினாள்.

சொன்னேன். ஐந்து நாள், நாளுக்கு நான்கு விரல் குறைத்து அனுப்பினேன்.

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மிதந்தது.

"எனக்க அடுப்புல வெள்ளம் கேறினது உனக்க எழுத்தாலயாக்கும்."

ஆமாம்.

"அவனுக்கு உப்பு இல்லாம ஆனதும் அதாலயாக்கும்."

ஆமாம்.

இரண்டாவதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் அதையும் கவனித்தாள். முதலாவதற்கு வரவில்லை என்பதை.

"நாளைக்குச் சரியா எழுது" என்றாள். பிறகு பாத்திரத்தைப் பிடித்து மேலே வைத்தாள்.

ஜூன் 10

தூறல். சரியாக எழுதினேன். கோட்டுக்கு மேலே ஐந்து விரல்.

சார் உடனே கூப்பிட்டார். மலையாளத்தில் வேகமாக. ஒரே இரவில் எப்படி என்றார். முந்தைய எண்கள் தவறு என்றேன். தெரியாமலா, தெரிந்தா என்றார். தெரிந்து என்றேன். பன்னிரண்டாம் தேதி காலை பொழி வெட்டு, அதன்பிறகு நான் வர வேண்டாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பள்ளத்தில் 9.

அக்கா வந்தாள், வள்ளம் எடுத்தாள். என்னோடு பேசவில்லை.

ஜூன் 11

மழை விட்டுவிட்டுப் பெய்தது. பள்ளத்தில் 7.

அவன் பக்கவாட்டில் கிடந்தான். திட்டுகள் கழுத்துவரை. நாளை மணல் திறக்கும், கடல் தெரியும், நீ போக வேண்டும் என்று தெரிந்த சொற்களில் சொன்னேன்.

"நீ?"

நான் கரை. கொல்லயில். பஸ். வீடு.

"இல்ல" என்றான். "இஞ்ச இருக்கேன்."

இங்கே இருந்தால் நாலு நாள்கூட இருக்க மாட்டாய் என்று எந்தச் சொற்களில் சொல்வது? செத்துப்போவாய் என்றேன். அந்தச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. வள்ளங்களில் யாரும் அதைச் சொல்வதில்லை போலும்.

ஸ்டெல்லா அக்கா முன்பக்கத்திலிருந்து, திரும்பாமல், இரண்டு நாளில் முதல்முறையாகப் பேசினாள். "தனியா போவ மாட்டான். பழக்கிப் போட்டாச்சு. இனி நீ என்ன சொன்னா போவான்னு உனக்கே தெரியும்."

தெரியும்.

அவன் கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நானும் வாறேன்."

கீழ் இமை மெல்ல ஏறி இறங்கியது. "உண்டா?"

"உண்டு."

சாருக்கு அனுப்பிய எண்களை விட இது சுலபமாக வந்தது.

ஜூன் 12

மழை இல்லை. வெளிறிய வானம்.

கடல் இறங்கும் நேரம் பார்த்து ஏழரைக்கு வெட்டத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு. முப்பது பேருக்கு மேல் இருக்கும். முதலில் ஒரு முழ அகலத்தில் சால். போதும், அப்புறம் வெள்ளமே வெட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்னால் அவனைப் பள்ளத்திலிருந்து கொண்டுவந்தோம். நீந்த முடியவில்லை. வள்ளத்தின் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அக்கா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் அவ்வளவு மெல்லத் துடுப்புப் போட்டு அவளை நான் பார்த்ததில்லை.

அவனை மணல் ஓரத்தில் விட்டுவிட்டு நான் மேட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போய் நின்றேன். இடுப்பளவு. அங்கே நின்று கையைத் தூக்கினேன். நான் முன்னே போகிறேன், நீ வா என்பதுபோல.

எட்டு மணிக்குச் சால் திறந்தது. ஐந்து நிமிடம் ஓடை. பத்து நிமிடத்தில் ஆறு. மணல் கரைகள் பாளம் பாளமாக விழுந்தன. ஆட்கள் மண்வெட்டிகளோடு பின்னால் ஓடினார்கள்.

வந்தான். செம்மண் வெள்ளத்துக்கு நடுவே, தலை மேலே, கண் என் மேல். முப்பது பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார். ஒருவர் சாலைப் பார்த்து, "அகலம் போதும், இல்லியா" என்றார். யாரும் ஒன்றும் காணவில்லை.

என்னைக் கடக்கும்போது கையை நீட்டினான். விரல் நுனி பட்டது. பிடித்திருக்கலாம். வெள்ளம் அவனைக் கொண்டுபோயிற்று. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் முழுகினான், வெகுதூரத்தில் எழுந்தான். அங்கே உப்பு 35. இப்போது நன்றாக நீந்தினான்.

நான் கரையேறினேன்.

அவன் திரும்பி நின்றான். கையைத் தூக்கினான். நான் தூக்கியதுபோலவே.

பத்து மணிக்கு அங்கேதான். பன்னிரண்டுக்கும். சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிவிட்டு அக்கா சொன்னாள், "பசிச்சா போவான். நீ வீட்டுக்குப் போ." இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். பாலத்தில் பஸ் திரும்பும்போது ஜன்னல் இடப்பக்கம் கிடைத்தது. பார்த்தேன். கை தெரிந்தது.

ஜூன் 13

நல்ல வெயில். அம்மா மெத்தைகளை வெளியே போட்டிருக்கிறாள்.

ஆறரைக்கு ஸ்டெல்லா அக்கா போன். வீட்டில் வெள்ளம் வடிந்துவிட்டது, சேறு மட்டும், பிள்ளைகள் வந்தாயிற்று. அடுப்பு காய இரண்டு நாள் ஆகும். பிறகு நிறுத்தினாள். நான் கேட்கக் காத்திருந்தாள். நான் கேட்கவில்லை.

"அங்கயேதான் நிக்கான்" என்றாள். "நீ வராண்டாம் மக்களே. இனி உன்னைக் கண்டா ஒருக்காலும் போவ மாட்டான்."

ஏழு மணி பஸ் நான் ஏறாமலே போனது. ஏழே முக்கால் பஸ்ஸும் போனது.