கட்டாடி இல்லாத ஊரில் ஒரு நீலச் சட்டை

மாமி,

போன சனிக்கிழமை லுட்சேர்னில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். குசினியில் இருந்து சாப்பிட ஒரு கதிரை தேடித்தான் போனது. அங்கே கம்பியில் வரிசையாக அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளின் கோடைமுகாம் உடுப்புகள் தொங்கின. நீலச் சட்டை, தோளில் துணிச் சின்னங்கள், மஞ்சள் கழுத்துத் துணி. மேலே ‘விண்டேஜ்’ என்று எழுதிவைத்திருந்தார்கள். ஒரு பெட்டை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உங்களுக்கு இன்னும் ஆண்டுத்திவசம்கூட முடியவில்லை, அதற்குள் கடைக்குள்ளும் வந்து நிற்கிறீர்களே!

அம்மாவும் அப்பாவும் ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருக்க, தொண்ணூறுகளில் என்னைச் சுவிசுக்கு, இந்த எம்மன்புரூக்கேக்குக் கூட்டிவந்து வளர்த்தது நீங்களும் மாமாவும். ஊட்டியதும் நீங்கள்தான், அடித்ததும் நீங்கள்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் ஒருத்தியும் என்னோடு சேராத காலத்தில், அந்த நீலச் சட்டை முகாம் கூட்டத்தில்தான் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. முகாம் தலைவி தான் சின்ன வயதில் போட்ட சட்டையை எனக்கு இரவல் தந்தாள். “முகாமின் கடைசி நாள் உறுதிமொழி எடு, பிறகு இது உனக்குத்தான்” என்றாள். அந்தச் சட்டையைத் தவிர வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முகாமின் நடுவில் நான் பெரிசானேன். தலைவி ரத்தத்துக்குப் பாட் தந்தாள், சுடுதண்ணிப் போத்தல் தந்தாள், “நாளைக்கு நீ மலை ஏற வேண்டாம், குசினியில் நில்” என்றாள். அவ்வளவுதான். நான்தான் விசரி, சந்தோசத்தில் உங்களுக்குப் போன் எடுத்தேன். பின்னேரமே மாமாவின் காரில் வந்து இறங்கினீர்கள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்து நிற்க, என் தலையில் வெள்ளைத் துவாயைப் போட்டு மூடி, “ஆம்பிளையளின்ர முகத்தைப் பாராதை, குனி!” என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். ஆர் செத்தது என்று பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கேட்டது எனக்குக் கேட்டது.

வீட்டில் தண்ணி வார்த்ததும் உங்களுக்குப் புதுக் கவலை. பெரிசான நேரம் போட்டிருந்த அந்த நீலச் சட்டை துடக்கு, தீட்டு. ஊர் வழக்கப்படி அதைச் சலவைக்காரக் கட்டாடிதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். எம்மன்புரூக்கேயில் கட்டாடிக்கு எங்கே போவது?

“அது தலைவியின்ர சட்டை, மாமி. நான் தோய்ச்சுக் குடுக்கிறன்” என்று உங்கள் காலைப் பிடித்தேன்.

“வாயை மூடு. குமர்ப்பிள்ளை கதைக்கிற கதையோ இது?”

மாமாவோடு ஒரே தொழிற்சாலையில், பக்கத்து மெஷினில் வேலைசெய்த அண்ணை ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பன் ஊரில் கட்டாடியாக இருந்தவர். அவரை வரச்சொல்லிப் போன் எடுத்தீர்கள். சாப்பாட்டுக்காக்கும் என்று நினைத்து, அந்த மனுசன் அயன் பண்ணின சேட்டும் கையில் சொக்கிலேற் பெட்டியுமாக வந்தார். கதவடியிலேயே நிற்பாட்டி, தட்டத்தில் அரிசி, தேங்காய், நீலச் சட்டை எல்லாம் வைத்து நீட்டினீர்கள்.

“இது உங்கட உரிமையெல்லோ, பிடியுங்கோ.”

அந்த நேரம் பார்த்துத்தான் முகாம் தலைவி படியேறி வந்தாள். அடுத்த நாள் உறுதிமொழி, என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். நான் வாய் திறக்க முந்தி அண்ணை அவளுடைய பாசையிலேயே பதில் சொன்னார். “என்ர அப்பா இவையின்ர ஊத்தைத் துணி தோய்ச்சவர். அதால இந்தப் பிள்ளையின்ர ரத்தத்தை நான் காவிக்கொண்டு போகோணுமாம். உங்கட சட்டையெண்டால் நீங்களே கொண்டு போங்கோ.” குரலை உயர்த்தவே இல்லை. சட்டையை அவளுடைய கையில் வைத்தார். சொக்கிலேற் பெட்டியைப் படியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தலைவி உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் பார்த்தாள். கூட்டிப்போக வந்தவள் அந்தக் கதையையே எடுக்காமல் போய்விட்டாள். நீங்களோ அந்தப் பாசை ஒன்றும் விளங்காமல், சட்டை அவர் கையால் வெளியே போனதே காணும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள்.

“என்னவாம்?”

“நன்றியாம்.”

“பாத்தியே, மரியாதை தெரிஞ்ச பிள்ளை” என்று அவரை மெச்சிக்கொண்டு உள்ளே போனீர்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து பிறகு ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். “ஏனடி பிள்ளை, இவ்வளவு செய்யிறாய், ஆனால் முகம் குடுத்துக் கதைக்கிறாயில்லை?” என்று கேட்டீர்கள். சாகப்போகிற மனுசிக்குச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். சொன்னேன். அண்ணை சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். என்னை அந்தக் கூட்டத்தை விட்டுக் கலைச்சது நீங்கள்தான் என்றும் சொன்னேன். நோக வேண்டும் என்றுதான் சொன்னது. உங்கள் கண் கலங்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தலையணையில் சாய்ந்தபடியே என் பக்கம் திரும்பினீர்கள்.

“தட்டத்தில வைச்சு மரியாதையாத்தானே குடுத்தனான். பிறகு அவனுக்கென்ன குறை?”

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டீர்கள். பிறகு தண்ணி கேட்டீர்கள், தந்தேன். அதற்குப் பிறகு உங்களுக்குப் பேச்சு வரவில்லை.

உங்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று எல்லாரும் குளறி அழுதார்கள். நானும் குளற வேண்டும் என்று வாயைத் திறந்தேன், மாமி. அவனுக்கென்ன குறை என்ற அந்தக் கேள்விதான் தொண்டையில் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.