மனுதாரர் பதிலளிக்கவில்லை

நவ. 3, திங்கள்

காலையில் தூறல். இன்று மனு நாள். ஆறரைக்கே எழுந்து மனுவைச் சுத்தமாகப் படியெடுத்தேன். முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீசில் அடுத்தவர் மனுக்களைப் படித்தவன் நான். என் பெயரில் எழுதுவது இதுதான் முதல். எழுத்து அழகாகவே வந்தது, சந்தோஷம்.

சாரம்: தொண்டைப் புற்று. குரல்வளையை எடுத்து மூன்றரை வாரம். ஆறு வாரத்துக்குள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பித்தாக வேண்டும், தாமதித்தால் திரும்ப வரலாம் என்கிறார் டாக்டர். அரசு ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் பழுது. எப்போது சரியாகும் என்றால் ‘பார்ட் வரணும்.’ என் கோரிக்கை இரண்டே:
1. மெஷின் எந்தத் தேதியில் ஓடும்?
2. அதுவரை எங்களை எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், பொறுப்பு யார்?

கலெக்டர் ஆபீஸ் வரிசையில் பின்னால் நின்றவர் ஏதோ கேட்டார். கழுத்துத் துண்டைக் காட்டித் தலையாட்டினேன். பக்கத்து ஆளிடம் சொல்கிறார்: “பாவம், காது கேக்காது போலுக்கு வே.”

காது நன்றாகக் கேட்கிறது. அதுதான் தொந்தரவு.

படிவத்தில் செல் நம்பர் கட்டாயம். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

நவ. 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி. மெஷின் அறை பூட்டு. வராந்தாவில் என்னைத் தவிரப் பதினோரு பேர். அதில் சீவலப்பேரி இசக்கியம்மாள், வயல் வேலை செய்கிறவர், மார்பில் ஆபரேஷன் ஆனவர். செவ்வாயும் வியாழனும் டவுன் பஸ் ஏறி வந்து ‘இன்னைக்கு இல்ல’ என்பதைக் கேட்டுவிட்டுப் போகிறார். வெண்கலக் குரல்.

“இல்லங்கத போன்ல சொல்லப்பிடாதா தாயி? நடவை விட்டுட்டு வாரேன்.”

நர்ஸ் பாவம். “எங்களுக்கே சொல்ல மாட்டேங்காவ, அக்கா. நாங்க என்ன செய்ய?”

என்னை அங்கே ‘தொண்டை கேஸ்’ என்கிறார்கள்.

வாங்கியது: பஞ்சு, காஸ் துணி, ரவை. மறந்தது: தீப்பெட்டி.

நவ. 6, வியாழன்

11.20க்கு போன். சென்னை நம்பர். “சார், நீங்க குடுத்த மனு விஷயமா பேசுறோம்.” ஒரு சின்னப் பெண்.

வாயைத் திறந்தேன். பழக்கம். காற்று கழுத்து ஓட்டை வழியே போயிற்று.

“ஹலோ? சார், கேக்குதா?”

கரண்டியால் தம்ளரைத் தட்டினேன். மூன்று தட்டு, நிறுத்தி மறுபடி மூன்று. அவள் பக்கத்தில் யாரிடமோ, “எதையோ தட்டிட்டே இருக்காங்கடி,” என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். போகவில்லை. நாலு தடவை அனுப்பினேன். ரவை தீய்ந்துவிட்டது.

நவ. 7, வெள்ளி

விடாத மழை. ஆறு கலங்கி ஓடுகிறது. நான் இனி ஆற்றில் முங்கவே கூடாது, ஓட்டை வழியாகத் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு தெரு தள்ளித் தாமிரபரணி, இங்கே நான் வாளியில் துண்டு நனைத்துத் துடைத்துக்கொள்கிறேன்.

மாலை குறுஞ்செய்தி: ‘மனுதாரர் பதிலளிக்கவில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது.’

வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. நானே எழுதியிருக்கிறேன், எத்தனையோ. ராதாபுரத்தில் இருந்தபோது ஒரு பனையேறி முதியோர் உதவிக்கு மனுக் கொடுத்தார். விசாரணைக்கு வரவில்லை. ‘ஆஜராகவில்லை, முடிக்கலாம்.’ பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார் என்று தலையாரி எனக்குச் சொல்லித்தான் இருந்தார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. இடமில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் பெயரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். வரவில்லை.

நவ. 10, திங்கள்

மறுபடி மனு நாள். கவுண்டரில் இருந்தவரிடம் குறுஞ்செய்தியைக் காட்டினேன்.

“கூப்பிட்டிருக்காவ அண்ணாச்சி. நீங்க பேசலியே.”

நோட்டில் எழுதினேன்: எனக்குக் குரல் கிடையாது. மனுவின் இரண்டாம் வரியிலேயே அது இருக்கிறது.

படித்தார். முகம் மாறிற்று. நல்ல மனிதர்தான். “கூப்பிடுதவங்க கையில மனு இருக்காது, நம்பர்தான் இருக்கும். வீட்ல வேற ஆள் நம்பரப் போட்டுப் புதுசாக் குடுத்திருங்க. மனைவி, மக்கமாரு, யாருதாவது.”

படிவத்தை வாங்கி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. நம்பர் மட்டும் பாக்கி. கவுண்டர் மூடும்வரை இருந்துவிட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

நவ. 11, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என் போனில் உள்ள நம்பர்கள்:

கேஸ் ஏஜென்சி
பால்
மெடிக்கல்
பென்ஷன் செக்‌ஷன்
மின்வாரியப் புகார்
கேசவன் (இறந்துவிட்டான்)
தம்பி: பாகப்பிரிவினையிலிருந்து பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை
சிவகாமி

சிவகாமி போய் ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. அவள் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. இந்நேரம் அதை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.

தம்பிக்கு ஒரு செய்தி அடித்தேன். அழித்தேன். எதை மன்னித்து எதைக் கேட்பது, அதுவும் எழுத்தில்.

பத்து நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறது. இதையும் எங்கேயாவது எழுதத்தான் வேண்டும்.

நவ. 13, வியாழன்

மெஷின் பூட்டு. வராந்தாவில் படிவத்தை மடியில் வைத்திருந்தேன். இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தார். “என்னது அது? எனக்கும் சொல்லுங்க, சும்மாதான இருக்கேன்.”

நோட்டில் சுருக்கமாக எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார், பைய, உதடு அசைய. ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆனது. படித்து முடித்துவிட்டு:

“இதுக்கா இப்படி இருக்கிய? என் நம்பரப் போடுங்க. எனக்கு வாய் மட்டுந்தான் இன்னும் நல்லா இருக்கு.”

நான் யோசித்தேன். அந்நிய பொம்பளை, அவருக்கே ஆயிரம் பாடு.

“போடுங்கங்கேன்!”

போட்டேன்.

நவ. 17, திங்கள்

மனு கொடுத்தாயிற்று. இந்தத் தடவை ‘நானும் என்னோடு காத்திருக்கும் பதினோரு பேரும்’ என்று மாற்றினேன். கவுண்டர்க்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, “ஆள் கெடைச்சிட்டா?” என்றார்.

வீட்டில் கரப்பான். மருந்து வாங்க வேண்டும்.

நவ. 18, செவ்வாய்

பூட்டு. போன் வரவில்லை. இசக்கியம்மாள் போனை முந்தியில் முடிந்து, நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவ. 20, வியாழன்

நாளையோடு ஆறு வாரம்.

10.45க்கு இசக்கியம்மாள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். வேறு பெண், வேறு குரல்.

“மனுதாரருக்கு நீங்க என்ன உறவு?”

“தங்கச்சி.” கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“மனுதாரர் பேர் சொல்லுங்க.”

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார். ஐயோ. நம்பர் கொடுத்தவருக்கு என் பெயர் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவசரமாக நோட்டில் எழுதி நீட்டினேன்.

“தங்கச்சிங்கிறீங்க, பேர் தெரியலையாம்மா?”

“மூத்தவரு பேரச் சொல்லுதது எங்க பக்கம் வழக்கமில்ல தாயி. இருங்க, சொல்லுதேன். சொ... க்க... லிங்... கம். சொக்கலிங்கம்!”

வராந்தா முழுக்கக் கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் என் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லை.

“உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கும்மா.”

“அது கெடக்கட்டும். தேதி சொல்லுங்க. அண்ணாச்சிக்கு நாளையோட கெடு முடியுது. இங்கன பன்னெண்டு பேரு நிக்கோம். தேதி சொல்லாம போன வைக்க மாட்டேன்.”

லைனில் பாட்டு. கால் மணி நேரம் பாட்டு. ஒருவரும் உட்காரவில்லை. பிறகு ஓர் ஆண் குரல், அதிகாரியாக இருக்கலாம். மெஷினுக்குத் தேதி தர முடியாதாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வண்டி, அங்கே கரண்ட் வைப்பார்களாம். பன்னிரண்டு பேரின் பட்டியல் கொடுக்க வேண்டும். அவர் பெயரையும் பதவியையும் கேட்கச் சொல்லி எழுதிக் காட்டினேன். இசக்கியம்மாள் கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

என் கெடு தாண்டி மூன்று நாள்.

கடைசியில் அவர், “அப்ப மனுவ முடிச்சிரலாமாம்மா?” என்றார்.

இசக்கியம்மாள் என் பக்கம் திரும்பினார். “முடிச்சிரலாமான்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்?”

எழுதினேன். எழுத்துக்கூட்டி, சத்தமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார்:

“பன்னிரண்டு பேருக்கும் கரண்ட் வைத்த பிறகு.”