இடது பக்கம் இருபத்தொன்பது

மார்ச் 3, திங்கள்

இன்றும் தொலைந்த பொருள் பிரிவுதான். ஏழு குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு பல்செட். பல்செட்டைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறாரோ.

பதினோரு வருடம் பேருந்து ஓட்டியவள் குடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் சக்கர நாற்காலிப் பயணிக்காக இறக்கும் சாய்பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தனியாகக் குனிந்து ஒரே இழுப்பு இழுத்தேன். பலகை வந்துவிட்டது, என்னால்தான் நிமிர முடியவில்லை. இடுப்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர்.

இன்று டிப்போ மேலாளர் மேசைப் பக்கம் வந்தார். “மே கடைசியில தகுதிச் சோதனை இருக்கு. தேறலைன்னா இங்கேயே நிரந்தரமா உக்காந்துக்கோங்கம்மா. நிழலான வேலைதானே.”

அவர் போனதும் எட்டிப் பார்த்தார் என்னோடு வேலையில் சேர்ந்த டிரைவர். குரலுக்காக எல்லோரும் ஹாரன் என்று கூப்பிடுவோம். “பெரிய வண்டி பொம்பளை உடம்புக்குத் தாங்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அடுத்த குடைக்குச் சீட்டு எழுதினேன், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி. 

மார்ச் 5, புதன்

மருத்துவமனை. பிசியோ பெண்ணுக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. வீட்டில் என்ன பயிற்சி செய்கிறேன் என்று கேட்டாள். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன் – மல்லாந்து படுத்து எழுவது அறுபது தடவை, முழங்கை ஊன்றி விறைப்பாக நிற்பது இரண்டு நிமிடம்.

சபாஷ் என்பாள் என்று பார்த்தால், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“அக்கா, இடுப்பைச் சுத்தி எந்தத் தசை எந்தப் பயிற்சியில எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு ஆய்வுக்காக அளந்துட்டிருக்கேன். நீங்களும் வர்றீங்களா?”

சரி என்றேன். என் பலத்தை அளக்க ஒரு மெஷின் இருக்கிறது என்றால் கசக்கவா செய்யும்.

மார்ச் 8, சனி

வயிற்றில் நாலு வில்லை ஒட்டினாள், முதுகில் நாலு வில்லை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். தசை வேலை செய்யும்போது சின்னதாக ஒரு மின்சாரம் பிறக்குமாம். அதை வில்லை பிடித்துத் திரையில் கோடாகப் போடுகிறது. முதலில் அவள் கையை எதிர்த்து முழு பலத்தோடு தள்ளச் சொன்னாள். அதுதான் நூறு. மற்ற எல்லாவற்றையும் அந்த நூறை வைத்துக் கணக்கிடுகிறாள்.

படுத்து எழுந்தேன். வயிற்றுக் கோடு மலை மாதிரி எழும்பியது. நானே சிரித்துவிட்டேன்.

“முதுகுக் கோட்டைப் பாருங்க அக்கா.”

தரையோடு தரையாகக் கிடந்தது.

பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி நிற்கச் சொன்னாள். வலது கை முன்னால் நீள வேண்டும், இடது கால் பின்னால் நீள வேண்டும். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைத்தேன். மூன்றாவது நொடியில் இடுப்பு ஆடிச் சாய்ந்தேன். கால் மாற்றிச் செய்தபோது வலப்பக்கத் தசை முப்பதைத் தாண்டியது. இடது பக்கம் பதினொன்று.

“முதுகெலும்பை ஒட்டினாப்ல இருக்கிற தசை அக்கா. எலும்பை அசையாமப் பிடிச்சுக்கிறது அதோட வேலை. வலி வந்த பக்கம் தூங்கிப்போச்சு. நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வயித்தை வச்சே சமாளிச்சிருக்கீங்க.”

ரெண்டு மாசம். தினம் அறுபது தடவை. யாருக்காகச் செஞ்சேன் அதையெல்லாம்? தொப்பைக்கா? பஸ்ஸுல வர்றப்போ ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எதுவும் செய்யவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தினம் இரண்டு வேளை, பிசியோ செய்யச் சொன்ன அந்த நாலு கால் நிலை. பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், மூச்சு விட்டுக்கொண்டே. பல்லைக் கடிக்கக் கூடாது. பல்லைக் கடிக்காமல் நான் எதைத்தான் செய்திருக்கிறேன்?

மகளுக்கு இது பெரிய வேடிக்கை. தன் காம்பஸ் பெட்டியை என் இடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் ஆடினால் பெட்டி கீழே விழுந்து பென்சில் எல்லாம் சிதறும். இன்று ஒன்பது தடவை விழுந்தது. “அம்மா, பயணிகள் எல்லாரும் கீழ விழுந்துட்டாங்க” என்கிறாள்.

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து இடது காலில் மின்னல் மாதிரி வலி. பெட்டி நேற்று ஒரே ஒரு தடவைதான் விழுந்தது, இன்று கையைக்கூடத் தூக்க முடியவில்லை. வீட்டுக்காரரிடம் கத்திவிட்டேன் – என்னால முடியல, குடைக்குச் சீட்டு எழுதியே செத்துப்போறேன், போதுமா.

அவர் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பார்ப்பவர். எதற்கும் பதறமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார். கையை நீட்டினார், காலை நீட்டினார், அலமாரியில் முட்டிக்கொண்டார்.

“இதையா ஒரு மாசமா பண்றே?” என்றார் நெற்றியைத் தேய்த்தபடி. “எனக்கு அஞ்சு நொடி தாங்கல.” பிறகு, “கண்ணாடியில பலத்தைக் காட்டினா நொறுங்கிடும். லேசா, விடாம ஒரே இழுப்பு. உனக்கும் அதுதான்னு நினைக்கிறேன்.”

சாயங்காலம் நாலு தடவை செய்தேன். லேசாக.

ஏப்ரல் 12, சனி

இருபத்தொன்பது.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். இடது பக்கம் இருபத்தொன்பது.

பிசியோ வில்லையைச் சரிபார்த்து மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அதே. கோடு எழுந்தது, பத்து எண்ணும் வரை உட்காரவே இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “அக்கா, முழிச்சிருச்சு” என்றாள். பரீட்சையில் தேறியது அவளா நானா என்று தெரியவில்லை.

காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அங்கே மகளின் கணக்கு விடைத்தாள் இருந்தது.

“என் தொண்ணூத்தொண்ணை ஓரங்கட்டிட்டு உங்க இருபத்தொன்பதை ஒட்டுறீங்களா?”

“ஆமாம்டி.”

கண்ணாலேயே பார்க்க முடியாத ஒரு தசை. அதை நினைத்து இவ்வளவு பெருமையா? ஆமாம், அவ்வளவு பெருமை.

மே 10, சனி

பாலத்தில் ஏறி இறங்கி நடந்தேன். கால் ஞாபகமே வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மே 27, செவ்வாய்

சோதனை. மூன்று மணி நேர ஓட்டம், பக்கத்தில் கையில் அட்டையோடு சோதனை அதிகாரி. கையெல்லாம் வேர்த்தது. முதல் வளைவில் ஸ்டீரிங்கைச் சுற்றினேனோ இல்லையோ, வேர்வை நின்றுவிட்டது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கடைசி நிறுத்தத்தில் அவர் சொன்னார்: “சாய்பலகையை இறக்கிக் காட்டுங்க.”

இறங்கிப் போனேன். இரும்புப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். காலை அகட்டி வைத்தேன், முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்தேன், மூச்சை விட்டேன். கை பிடியை இழுக்கும் முன்பே உள்ளே, முதுகெலும்பை ஒட்டி, இடது பக்கம் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆள் வந்து தோள்கொடுத்த மாதிரி. பலகை சத்தமில்லாமல் இறங்கியது. திரும்ப ஏற்றினேன். அவர் கேட்காமலேயே இன்னொரு தடவையும் இறக்கினேன்.

“போதும்மா, நான் எழுதிட்டேன்” என்றார்.

ஜூன் 2, திங்கள்

காலை ஐந்தரை வண்டி. தடம் பதினாலு. மேலே எழுத நேரமில்லை.

ஜூன் 19, வியாழன்

ஹாரன் இன்று என் வண்டி பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நேரம் டயரைப் பார்த்தார். பிறகு, நான் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில்: “ஆறு மாசமா எனக்கும் முதுகு இருக்கு.”

“எல்லாருக்கும் இருக்கு” என்றேன்.

“கிண்டல் பண்ணாதீங்கம்மா. உக்காந்தா எந்திரிக்க முடியல. வெளிய சொன்னா குடை எண்ண உக்கார வச்சிருவாங்க.”

மார்ச்சில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். முதலில் பிசியோவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிசியோ ஹாரனைச் சோதித்து, நாலு கால் நிலை செய்யலாம் என்றிருக்கிறாள். தனியாகச் செய்ய வெட்கமாம். விஷயம் பரவி, ஓய்வறையில் செய்தித்தாள் விரித்து ஐந்து டிரைவர்கள். ஐந்து பேரும் காக்கிச் சட்டையோடு நாலு காலில். நான் எண்ணினேன். நடுவில் மேலாளர் கதவைத் திறந்தார். பார்த்தார். மெதுவாக மூடிவிட்டுப் போனார்.

“மூச்சைப் பிடிக்காதீங்க” என்றேன். “பல்லைக் கடிக்காதீங்க. லேசா, விடாம.”

எட்டில் ஹாரனின் இடது கால் நடுங்கியது. ஒன்பதில் கை நடுங்கியது. விழவில்லை. பத்து சொன்னேன். முகம் சிவந்து, என்னைப் பார்க்காமல், “இன்னொண்ணு எண்ணுங்க” என்றார்.

பதினொன்று என்றேன்.