அத்திம்பேரின் ஜெனரேட்டர்கள்

எர்ணாகுளம்,
12 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கரியின் நமஸ்காரம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அத்திம்பேர் சொல்லியிருப்பார். எங்கள் பல்கலைக்கழகம் டீசலையும் எண்ணெயையும் விட்டொழிக்கும் திட்டத்தை நான்தான் வாசித்தேன். எல்லாக் கூரைகளிலும் சோலார் தகடுகள், கரண்ட் போனால் தாங்குவதற்கு பேட்டரி, விடுதிச் சமையலுக்கு எண்ணெய் பாய்லருக்குப் பதில் மின்சாரத்தில் ஓடுவது. கடைசியாக, ஜெனரேட்டர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. இத்தனை வருஷம் அவற்றைப் பராமரித்த அத்திம்பேர் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வந்து பின்வரிசையில் இருந்தார். எழுந்து, "மேடம், ஒரு சம்சயம். ஒண்ணுகூட வேண்டாமா?" என்று கேட்டார்.

என்னை மேடம் என்றார், அக்கா. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

உன்
சங்கரி

---

மட்டாஞ்சேரி,
17 ஜூன் 2025

சங்கரிக்கு ஆசீர்வாதம்.

அவர் எதுவும் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் இசக்கிராஜா சொல்லித்தான் தெரிந்தது. தன் ரிப்பேர் கடையைத் திறந்துவைத்துவிட்டு பஜார் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

விஷுவுக்கு நம்மாத்துக்குச் சாப்பிட வந்தாயே. சமையலறையில் உன்னிடம் கேட்டேன்: "கோட்டைப் பக்கத்து ஹோட்டல்காரா இவரை முழுநேர வேலைக்குக் கூப்பிடறா. யூனிவர்சிட்டி வேலை இனியும் உண்டாகுமோடீ? இல்லேன்னா போகச் சொல்றேன்." நீ, "இப்போ எதுக்கு அதெல்லாம்? பிரதமன் இன்னும் கொஞ்சம் விடு" என்று பாயசக் கிண்ணத்தை நீட்டினாய். உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவரும் ஹோட்டல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் வேறு ஆளை எடுத்தாயிற்று.

அன்றைக்கே உனக்குத் தெரியுமா? அதை மட்டும் எழுது.

மாதுரி

---

எர்ணாகுளம்,
21 ஜூன் 2025

அக்கா,

தெரியும்.

திட்டத்தை அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தேன். முடிவாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. உன்னிடம் சொன்னால், "ஒண்ணு ரெண்டையாவது வெச்சுக்கோடீ" என்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நான் சரி என்றுவிடுவேன். அதற்குத்தான் பயந்தேன். பெண்கள் விடுதியில் ஜெனரேட்டர் பக்கத்து அறைகளில் ஜன்னலே திறப்பதில்லை. காயப்போட்ட துணியெல்லாம் கரி. இப்போது கேட்டாலும் ஜெனரேட்டர் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் "ஹோட்டலுக்குப் போகச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடையில்லை.

பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்துப் பயிற்சி தரப்போகிறார்கள். என் சொந்தக்காரர் விண்ணப்பிக்கக்கூடும், அதனால் தேர்வுக் குழுவில் நான் இருக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்திம்பேரை விண்ணப்பிக்கச் சொல்வாயா?

சங்கரி

---

எர்ணாகுளம்,
6 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நவராத்திரிக்கும் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

நேற்று ஜெனரேட்டர்களை நிறுத்தினோம். எல்லோர் முன்னாலும் வெளிக் கரண்டை அணைத்துப் பார்த்தோம். பேட்டரி தாங்கியது, ஒரு விளக்குகூட அணையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஷெட் சாவிகளை ஒப்படைக்க வந்திருந்த அத்திம்பேரும் ஓரமாக நின்று, என்னைப் பார்த்துக் கைதட்டினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு நாள் வரட்டுமா, அக்கா?

உன்
சங்கரி

---

மட்டாஞ்சேரி,
11 பிப்ரவரி 2026

சங்கரிக்கு,

கைதட்டியதை அவரே வந்து சொன்னார். "அவ நன்னாத்தான் பண்ணியிருக்கா, மாதுரி. பொய் சொல்லப்படாது" என்றார்.

விண்ணப்பம் அவர் போடவில்லை. இசக்கிராஜாவைப் போடச் சொன்னார். அவனுக்குக் கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். கடையை விட்டாயிற்று. இப்போது கும்பளங்கியில் இறால் பண்ணை மோட்டார்களைப் பார்க்க பஸ்ஸில் போய்வருகிறார். முட்டி வீங்கிப்போய்த்தான் திரும்புகிறார். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் உன்னை எப்போதோ மன்னித்தாயிற்று. எனக்கு இன்னும் முடியவில்லை. எழுதி எழுதிப் பார்த்தேன், காகிதத்தில் என் கோபம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்கு அவர் பண்ணைக்குப் போய்விடுவார். இருந்தால் உனக்குப் பரிந்துகொண்டு வருவார். நான் திட்டுவதை முழுக்கக் கேட்டு முடி. அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிட உட்காரலாம்.

உன் அக்கா,
மாதுரி